ராஸ் அல் கைமா மலையில் நான் போகச் சொன்ன வண்டி

ராஸ் அல் கைமா மலையேற்றம் பற்றி மின்னஞ்சலில் கேட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். கேட்டதற்குப் பதில் இருக்கும், கேட்காததும் இருக்கும். முழுதாகப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

2006, மே மாதம். துபாய் கராமாவில் எட்டுப் பேர் தங்கும் பேச்சிலர் ரூமில் இருந்தேன். டூட்டி முடிந்ததும் அரபி வகுப்புக்கு ஓடுவேன். மூன்று மாதப் படிப்பிலேயே தலைக்கனம் ஏறிவிட்டது. "மலைக்காரர்களிடம் போய்ப் பேசிவிட்டு வா, அதுதான் பரீட்சை" என்றார் சூடானி வாத்தியார். விடுவேனா? பக்கத்துக் கட்டில் செல்வத்தையும் இழுத்தேன்.

செல்வத்துக்கு அறந்தாங்கிப் பக்கம். பழைய கம்பெனியை விட்டு ஓடிவந்து, விசா முடிந்தும் ஒளிந்து வேலை பார்த்தவன். எங்கள் பாஷையில் கல்லிவல்லி. பிடிபட்டால் ஜெயில், அப்புறம் ஊர். ஒரு வருடமாக வேலையிடத்தையும் ரூமையும் தவிர அவன் எதையும் பார்த்ததில்லை. "வேணாம் மாப்ள. ஆவணியில தங்கச்சி கல்யாணம். அதுவரைக்கும் மாட்டாம இருந்தாப் போதும்" என்றான்.

"மலையில எவன்டா பத்தாக்கா கேக்கப்போறான்?" என்று அடையாள அட்டையைச் சொல்லிச் சிரித்தவன் நான்தான்.

வெள்ளி காலை ஐந்து மணிக்குத் தேராவில் ஷேர் டாக்ஸி, தலைக்கு இருபது திர்ஹம். நூறு கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து பள்ளத்தாக்கு முனைக்கு இன்னொரு டாக்ஸி, நாற்பது திர்ஹம். ஓட்டிவந்த பாகிஸ்தான் பட்டாணி எங்கள் பையைப் பார்த்துவிட்டு, "பாய், பானி பஹுத் கம் ஹை" என்றார். தண்ணீர் போதாதாம். ஆளுக்கு ஒன்றரை லிட்டர்தான் வைத்திருந்தோம். "அச்சா, அச்சா" என்று அவரை அனுப்பிவைத்தேன்.

ஏழு மணிக்கு நடக்கத் தொடங்கினோம். பாதை முழுக்கக் கல்லும் சரளையும், மரம் மாஃபி, ஒன்றுகூட இல்லை. செல்வம் எனக்கு முன்னால் போனான். வாய்விட்டுப் பாடி எத்தனை நாளாச்சு என்று சொல்லிச் சொல்லிப் பாடினான். ஒன்பதரைக்குத் தண்ணீர் தீர்ந்தது. உச்சிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்ததால் திரும்பினோம். இறங்கும்போது அவனுக்கு வியர்ப்பது நின்றுவிட்டது. வெயில் தாக்கியதற்கு அடையாளம் அது என்று தெரியாமல் நல்லதென்று நினைத்தேன், மடையன்.

பதினொன்றேகாலுக்கு அடிவாரத்து மண்சாலையைத் தொட்டோம். செல்வம் ஒரு பாறை நிழலில் சாய்ந்தான். கண் செருகியது, பேச்சு குழறியது. அப்போது ஆட்டுத் தீவனம் ஏற்றிய பிக்கப் ஒன்று வந்து நின்றது. ஓட்டியவர் மலைக்காரர், ஐம்பது வயதிருக்கும். நோயாளியா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகட்டுமா என்று அரபியில் கேட்டார். எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. செல்வத்துக்கும் எப்படியோ புரிந்து என் சட்டையைப் பிடித்தான்.

"ஆஸ்பத்திரி வேணாம் மாப்ள... பத்தாக்கா கேப்பாங்க... ஆவணி..."

நான் அந்த மனிதரிடம் திக்காமல் திணறாமல் அரபியில் சொன்னேன்: கொஞ்சம் களைத்திருக்கிறான், அவ்வளவுதான், பிரச்சினை ஒன்றுமில்லை. அவர் இரண்டு பாட்டில் தண்ணீர் கொடுத்தார். என் அரபி நன்றாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார்.

அந்தத் தண்ணீர் செல்வத்தின் வயிற்றில் தங்கவில்லை. வாந்தி எடுத்தான். பிறகு கூப்பிட்டால் பதில் இல்லை. மொபைலில் சிக்னல் கிடையாது. ஜும்ஆ தொழுகை நேரம், ஒரு வண்டியும் வரவில்லை. ஒன்றேகாலுக்கு அதே பிக்கப் திரும்பி வந்தபோது நடுச்சாலையில் மண்டியிட்டேன். படித்த அரபி எங்கே போனதோ, தமிழில் கத்தினேன். அவர் ஒன்றும் கேட்காமல் செல்வத்தைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பறந்தார்.

ஆஸ்பத்திரியில் முதலில் யாரும் பத்தாக்கா கேட்கவில்லை. எவ்வளவு நேரமாக இப்படி இருக்கிறான் என்றுதான் கேட்டார்கள். இரண்டு மணி நேரம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. செல்வம் மறுநாள் காலை செத்துப்போனான். பதினேழு நாள் கழித்துப் பெட்டியில் ஊருக்குப் போனான். ஆவணிக் கல்யாணம் நின்றுபோனது.

இனி நீங்கள் கேட்டவை. மே மாதம் வேண்டவே வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் போங்கள். ஆளுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர். வெயில் ஏறுமுன் இறங்கிவிடுங்கள். விசா இல்லாத நண்பனைக் கூட்டிப்போகலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அவனுக்கும் காற்று வேண்டும்தான். ஆனால் ஏதாவது ஆனால், வருகிற முதல் வண்டியிலேயே ஏற்றுங்கள், அவன் எவ்வளவு கெஞ்சினாலும். ஜெயிலுக்குப் போனவன் என்றாவது வீட்டுக்கு வருவான்.

அதற்கு அரபி படிக்க வேண்டியதில்லை. "ஸதீகி மரீழ்". என் நண்பனுக்கு உடம்பு சரியில்லை. இரண்டே வார்த்தை. எனக்கு முதல் பாடத்திலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.