அறுபட வேண்டிய கம்பி

கம்பியை அறுப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். பெங்களூரில் ஹெலிகாப்டர் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. கடலில் தத்தளிப்பவர்களைத் தூக்கி வருவதற்காகக் கடற்படைக்கு ஒரு ஹெலிகாப்டரை உருவாக்கத் தொடங்கியபோது, அதன் கதவோரம் மாட்டுகிற வின்ச் எங்கள் பிரிவுக்கு வந்தது. வின்ச் என்றால் கிணற்று ராட்டினம் மாதிரிதான். மோட்டார் சுற்றும், எஃகுக் கம்பி இறங்கும், நுனிக் கொக்கியில் ஆள் தொங்குவார். கம்பி எதிலாவது மாட்டிக்கொண்டால் ஹெலிகாப்டரையே கடலுக்குள் இழுத்துவிடும். அதனால் உள்ளே கொஞ்சம் வெடிமருந்தும் ஒரு கத்தியும் உண்டு. மேலே இருப்பவர் பொத்தானை அமுக்கினால் கம்பி துண்டாகிவிடும். கட்டர் என்று அதற்குப் பெயர். இந்தக் கட்டர்களில் ஒவ்வொரு தொகுப்பிலிருந்தும் சிலவற்றை எடுத்து வெடித்துப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போடுவது நான்.

ஆரம்ப காலத்தில் அது லேசில் அறுக்கவில்லை. பாதி இழை அறுந்து மீதி தொங்கும். கத்தியை மாற்றினோம், மருந்தை மாற்றினோம், டிசைன்காரர்களோடு நான் போடாத சண்டை இல்லை. கடைசியில் ஒருநாள் 'டப்'பென்று சுத்தமாக அறுந்தது. அன்றைக்கு எனக்கிருந்த கர்வத்தைச் சொல்லி முடியாது.

அம்மாவுக்கு மட்டும் இந்த வேலை பிடிக்கவே இல்லை. நாங்கள் கோலார் தங்கவயல்காரர்கள். அப்பா கூண்டில் ஏறி, கம்பியில் தொங்கித்தான் தினமும் சுரங்கத்துக்குள் இறங்குவார். "கயிறு அறுந்துடக் கூடாதுன்னு சாமிய கும்பிட்ட வீடு இது. நீ இன்னாடான்னா அறுக்கறதுக்குப் படிச்சிட்டு வந்திருக்க. வெளங்கிடும்!" என்பாள். பெங்களூருக்கு, காக்ஸ் டவுன் வீட்டில் என்னோடு இருக்க வந்த பிறகும் அந்தப் பேச்சை அவள் விடவில்லை.

இதில் என் தம்பி வேறு. தண்ணீர் லாரி வந்தால்தான் தண்ணீரைப் பார்க்கிற ஊரில் வளர்ந்தவன், கடற்படைக்குப் போய் நீச்சல் கற்று, அதே ஹெலிகாப்டரிலிருந்து கம்பியில் இறங்கி ஆட்களைத் தூக்குகிற டைவர் ஆகிவிட்டான். அக்கா அறுக்கிறாள், தம்பி தொங்குகிறான் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை. எங்கள் சூப்பர்வைசர் போனை வைத்துவிட்டு ஓடி வந்தார். அவர் கன்னடக்காரர், எங்களோடு தமிழில் பேசுவார். "நம்ம கட்டர் வேலை செஞ்சிடுச்சம்மா! கடல்ல, நிஜமாவே! சக்கத்தா, சூப்பரா கட் ஆச்சாம். ஹெலிகாப்டர் சேஃப். வேற வின்ச் உடனே அனுப்பச் சொல்றாங்க."

எங்கள் பிரிவில் எது நல்லது நடந்தாலும் மைசூர் பாக்குதான். கேட்டுக்கு எதிர்க் கடையிலிருந்து பெட்டி வந்தது. முதல் துண்டு எனக்கு. கைதட்டினார்கள். நான் வாயில் போட்டுக்கொண்டு, எதில் மாட்டியதாம் கம்பி என்று கேட்டேன்.

"மீன்பிடி போட்டும்மா. முழுகற போட்டு. டைவர் இறங்கி, கொக்கிய கழட்டிட்டு அடிபட்டவன பாக்கப் போயிருக்கான். அந்த கேப்புல போட்டுக்காரங்க கம்பிய போட்டோட கட்டிட்டாங்களாம்."

"டைவர் மேல வந்துட்டாரா?"

அவர் முகம் மாறியது. "கம்பி இல்லாம எப்படிம்மா வருவான்?"

வாயில் இருந்த இனிப்பை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. போன் வந்த கடற்படைத் தளத்தில்தான் என் தம்பிக்கு வேலை. போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தான். சூப்பர்வைசரை மறுபடி தளத்துக்குப் பேச வைத்து, போனைப் பிடுங்கினேன். அந்தப் பக்கத்து மனிதர் பாவம், "ஹெலிகாப்டர் பத்திரமாகத் திரும்பிவிட்டது மேடம்" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார்.

"ஆள் எங்கே? ஹெலிகாப்டரை விடுங்கள், ஆள் எங்கே?" என்று கத்தினேன். தம்பியின் பெயரைச் சொன்னேன். காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, ஆமாம், அவர்தான் என்றார். போட்டு கவிழ்ந்துவிட்டது. கப்பல் ஒன்று போய்க்கொண்டிருக்கிறது.

யாரோ மைசூர் பாக்குப் பெட்டியைத் துணி போட்டு மூடினார்கள். அப்போதுதான் அம்மாவின் போன் வந்தது. "வர்ற வழியில பிரேசர் டவுன்ல கருவாடு வாங்கினு வா. தம்பி அடுத்த வாரம் லீவுல வர்றான் இல்ல?" சரிம்மா என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலிருந்தது.

பொத்தானை அமுக்கியவனை அன்றெல்லாம் சபித்தேன். நீ நாசமாய்ப் போக, கீழே ஆள் நிற்பது உன் கண்ணுக்குத் தெரியவில்லையா என்று. கட்டர் பழுதாகியிருக்கக் கூடாதா என்றும் நினைத்தேன். நான் போய் அப்படி நினைத்தேன்.

சாயங்காலம் தகவல் வந்தது. கவிழ்ந்த போட்டின் மேல் தொற்றிக்கொண்டிருந்த எல்லோரையும் கப்பல் ஏற்றிக்கொண்டது. தம்பியும் இருந்தான்.

சொன்னபடி லீவில் வந்தான். உள்ளங்கை இரண்டும் கிழிந்திருந்தன. வலை கிழித்துவிட்டது என்று அம்மாவிடம் சொல்லிவைத்தான். அவள் அடுப்படிக்குப் போனதும், அந்த போட்டுக்காரர்களைத் திட்ட ஆரம்பித்தேன்.

"அவங்கள சொல்லாதக்கா. குமரிப் பக்கத்து ஆளுங்க. பொறந்ததுல இருந்து, கயிறு கைக்கு வந்தா மொதல்ல கட்டணும்னு பழகினவங்க. நல்லதுக்குத்தான் கட்டினாங்க. கட்டாதீங்கண்ணேன்னு கத்தினேன். ஹெலிகாப்டர் சத்தத்துல எங்க கேக்குது?"

"அப்போ மேலே இருந்தவன்? உன்னை விட்டுட்டு அறுத்தானே, பாவி!"

"அவனா அறுக்கலக்கா. நான்தான் அறுக்கச் சொன்னேன். கை காட்டினேன், தலைய ஆட்டறான், மாட்டேங்கறான். மறுபடி காட்டினேன். அழறான். அசிங்கமா சைகை காட்டித் திட்டினப்புறந்தான் அமுக்கினான். ஹெலிகாப்டர் சாயுதுக்கா. விழுந்திருந்தா எங்க தலை மேலதான்."

பயமாயில்லையா என்று கேட்டேன்.

"இருந்துச்சு. கைய தூக்கவே வரல. வேற யாராவது டெஸ்ட் பண்ணதா இருந்தா, ஒருவேளை அறுக்காமப் போவும்னு ஒரு நப்பாசையாவது இருந்திருக்கும். நீ பார்த்து அனுப்பினதாச்சே. அமுக்கினா அறுந்துரும்னு எனக்குத் தெரியும்."

அவன் அதைப் பாராட்டாகத்தான் சொன்னான்.