இருட்டுக்குக் காவல்

எங்கள் ஆய்வுக்கூடத்து உதவியாளரை எல்லோரும் இருட்டக்கா என்றுதான் கூப்பிடுவோம். பத்தொன்பது வருடமாக வெளிச்சத்தோடு மல்லுக்கட்டியவர். ஜன்னல் திரை ஒரு விரல் விலகியிருந்தால் போதும், பேராசிரியரென்றும் பார்க்காமல் பிடிபிடியென்று பிடித்துவிடுவார். வீட்டிலும் பாட்டில்களுக்கெல்லாம் அலுமினியத் தாள் சுற்றிவிட, எது எண்ணெய், எது பினாயில் என்று அவர் கணவர் முகர்ந்து பார்த்துத்தான் எடுக்கிறாராம். ஸ்டோர் ரூம்காரனான நானும் அவரிடம் நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு மஞ்சள் தூள். உலோகத்தோடு கார்பன் மோனாக்சைடைப் பிணைத்துச் செய்தது. தண்ணீரில் கரைத்து, பாட்டிலுக்குத் தாள் சுற்றி, அக்காவின் அலமாரி இருட்டில் வைத்தால் சாதுவாகக் கிடக்கும். வெளிச்சம் பட்டால் அந்த வாயுவை விட்டுவிடும். நிறையச் சுவாசித்தால் ஆளைக் கொல்லும் வாயுதான். துளியளவு, வேண்டிய இடத்தில் மட்டும் விட்டால் மருந்தாகலாம் என்று ஓர் ஆராய்ச்சி மாணவி நான்கு வருடமாக உயிரைக் கொடுத்து உழைத்துக்கொண்டிருந்தாள்.

போன மாதம் அந்தத் தூள் திடீரென்று இருட்டிலேயே வாயுவைக் கசியவிட ஆரம்பித்தது. "வர்ற வெள்ளிக்கிழமையும் கசிஞ்சா இதை மூட்டை கட்டி வச்சிரலாம்மா. வேற தூள்ல முதல்லேர்ந்து ஆரம்பி," என்றார் பேராசிரியர். மாணவிக்கு முகம் வெளுத்துவிட்டது.

அக்கா கொதித்துப்போனார். "என் அலமாரியை எவனோ திறக்கறான். கையும் களவுமா பிடிக்கிறேன் பாரு." முதலில் என்னைத்தான் குடைந்தார். பிறகு அலமாரிக்கு முன்னாலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குக் கசிவு இரண்டு மடங்கு.

வியாழக்கிழமை, அலமாரிக்குள் வாயுவை அளக்கும் மீட்டர் வரைந்த கோட்டை மாணவி கணினியில் காட்டினாள். அரை மணிக்கு ஒரு தடவை படிக்கட்டு மாதிரி ஏறியிருந்தது. ஒன்றிலிருந்து இரண்டு வரை மட்டும் ஏற்றமே இல்லை.

"ஒரு மணிக்கு இங்க யாரு இருக்க மாட்டாங்க?" என்று கேட்டாள்.

ஒரு மணிக்குச் சாப்பிடப் போகிறவர் யாரென்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கத்தான் பயம்.

அக்கா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கோட்டையே பார்த்தார். "நான்தான் பாப்பா. பையன் இந்தப் போனை வாங்கித் தந்ததுலேர்ந்து... நெறம் மாறிடுச்சோன்னு மனசு கேக்காது. தாளை லேசா விலக்கி லைட் அடிச்சுப் பாத்துப்பேன். கொஞ்ச நேரந்தான்." அலமாரிச் சாவியை மேசையில் வைத்தார். எனக்குச் சிரிப்பு முட்டியது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

மாணவி சாவியை எடுத்து அவர் கையிலேயே திணித்தாள். "நாளைக்கும் நீங்கதான்க்கா காவல். பாக்காம மட்டும் இருங்க."

வெள்ளிக்கிழமை போனை என்னிடம் ஒப்படைத்துவிட்டு, அலமாரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். சாப்பிடவும் போகவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை என்னை மணி கேட்டுப் பிராணனை வாங்கினார். ஐந்து மணிக்குக் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. மாணவி அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தபடியே அக்கா அலமாரிப் பக்கம் எட்டிப் பார்த்தார். "இப்ப ஒரே ஒரு தடவை பாத்துக்கட்டுமா?"