சரத்தின் கண்ணில் இரண்டு மருந்து

இரண்டு வருடத்துக்கு முன், தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்த புரட்டாசி மாதம் அது. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு கம்பெனியில், பட்டாசுக் குழாய்க்குள் மருந்து செலுத்தும் வேலை எனக்கு. எங்கள் நாய்க்குப் பெயர் சரம். குரைக்க ஆரம்பித்தால் சரவெடி மாதிரி லேசில் நிறுத்தாது, அதனால் அந்தப் பெயர்.

ஒருநாள் காலையில் அதன் இடது கண் சிவந்து, நீர் வடிந்து, இறுக மூடியிருந்தது. அது குரைப்பதற்காகப் பக்கத்து வீட்டு அக்கா எப்போதும் சண்டைக்கு வருவார். எனக்கு வேறு யோசனையே ஓடவில்லை. "வாயில்லா ஜீவன் மேல சுடுதண்ணிய ஊத்திட்டீகளேக்கா, நல்லாருப்பீகளா?" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டேன். "நான் ஊத்தல தாயி" என்று அவர் சொன்னதை நான் காதிலேயே வாங்கவில்லை.

மாமியாருக்குக் கண் ஆபரேஷன் செய்தபோது கொடுத்த சொட்டு மருந்து பாதி பாட்டில் மிச்சமிருந்தது. மனுசக் கண்ணுக்கு ஆகிற மருந்து நாய்க்கு ஆகாதா என்று, மூன்று நாள் காலையும் மாலையும் ஊற்றினேன். நான்காம் நாள் விடிந்ததும் பார்த்தால், கருவிழி மேல் பால் படர்ந்தது போல வெளுத்திருந்தது. வாசலில் வந்து நின்ற கம்பெனி வேனைப் பார்த்துக்கூடச் சரம் குரைக்கவில்லை.

வேனை அனுப்பிவிட்டேன். வீட்டுக்காரர் லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தார். நாயைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏற முடியுமா? அழுதுகொண்டு தெருவில் நின்றபோது, அந்த அக்காதான் ஸ்கூட்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். "அழுதா ஆச்சா? ஏறு."

மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் சாயம் தோய்ந்த ஒரு மஞ்சள் காகிதத்தை நனைத்துக் கண்ணில் தொட்டு, விளக்கடித்தார். கருவிழியில் சாயம் பிடித்துப் பச்சை நிறமாக ஒரு புண் தெரிந்தது.

"என்ன மருந்தும்மா ஊத்துனீக?"

பாட்டிலை நீட்டினேன். அவர் முகமே மாறிவிட்டது. "இதுல ஸ்டீராய்டு இருக்கு. புண்ண ஆறவே விடாது. இன்னும் ரெண்டு நாள் ஊத்தியிருந்தா கண்ணு ஓட்டையாயிருக்கும்."

நான் சரத்தின் தலையைப் பிடித்துக்கொண்டேன். அதன் காலை அக்கா பிடித்துக்கொண்டார். டாக்டர் கண்ணைக் கழுவித் துடைத்த பஞ்சில் வெள்ளியாக ஏதோ மினுங்கியது. எனக்குத் தெரியாத தூளா அது? நான் குழாய்க்குள் செலுத்தும் மருந்தில் கலக்கிற அலுமினியப் பவுடர். வேலையில் சேலைக்கு மேலே போடும் சட்டையை, வீட்டுக்கு வந்ததும் கழற்றி மூலையில் எறிவேன். சரம் அதில்தான் முகத்தைப் புதைத்துத் தூங்கும், என் வாசனைக்காக.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அக்காவும் பஞ்சைப் பார்த்தார். "மன்னிச்சிருங்கக்கா" என்றேன். "மொதல்ல கண்ணு பொழைக்கட்டும்" என்றார், பிடித்த காலை விடாமல்.

வேறு சொட்டு மருந்து, சொறியாமலிருக்கக் கழுத்தில் ஒரு வளையம் என்று மூன்று வாரம் போனது. கண் பிழைத்துக்கொண்டது, ஓரத்தில் ஒரு வெள்ளைத் தழும்போடு. இப்போதெல்லாம் வேலைச் சட்டையைப் பையில் கட்டிக் கொண்டுவந்து உடனே அலசிவிடுகிறேன். வெடிப்பதும் மருந்து, நோய் தீர்ப்பதும் மருந்து என்று எங்கள் ஊரில் இரண்டுக்கும் ஒரே பேர்தான். அந்தக் கண்ணில் இரண்டையும் போட்டது என் கை என்பது, அக்கா வீட்டு வாசலைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருகிறது.