மூன்று பட்ஜெட், நான்கு கட்டில்

தாய்லாந்துக்குப் போகலாம் என்று ஆரம்பித்தவள் பெரியக்கா. மங்கலம்பேட்டையில் இருக்கிறாள், அத்தான் துபாயில். சில நாள் தங்கி உடம்பைத் தேற்றிக்கொள்ளும் வெல்னஸ் ரிட்ரீட் என்று ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, "உடம்பு புடிச்சி வுடுறாங்களாம்டி. மூணு பேரும் போவலாம், செலவு என்னுது" என்று எனக்கும் தங்கச்சிக்கும் போன் செய்தாள்.

தங்கச்சிக்குச் சுள்ளென்று வந்தது. விருத்தாசலத்தில் அவளும் மாப்பிள்ளையும் பீங்கான் பொம்மைப் பட்டறை வைத்திருக்கிறார்கள். அச்சு தூக்கித் தூக்கித் தோள்பட்டை போனவள் அவள்தான். பிடித்துவிட ஆள் வேண்டியதும் அவளுக்குத்தான். ஆனாலும், "என் காசுல வரேன். நீ குடுத்தா வரலக்கா" என்றுவிட்டாள். நடுவில் பிறந்த பாவத்துக்கு, திட்டம் போடும் வேலை டீச்சரான என் தலையில் விழுந்தது.

கல்யாணமாகிப் போனபின் நாங்கள் மூவரும் ஒரே அறையில் படுத்தது சாவு வீடுகளில் மட்டும்தான். அது எனக்கு ஆறவே இல்லை. அதனால் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரே தீவில் அவரவர் காசுக்குத் தக்க மூன்று இடம் பார்த்து வைத்தேன். பெரியக்காவுக்குக் கடலைப் பார்த்த வில்லா, எனக்கு நடுத்தர ரிசார்ட், தங்கச்சிக்கு, ஊர் சுற்ற வருகிறவர்கள் அறையைப் பங்குபோட்டுத் தங்கும் அடுக்குக் கட்டில் ஹாஸ்டல். பகலிலாவது சேர்ந்து சுற்றலாமே.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் தங்கச்சி வீட்டில் உட்கார்ந்தபோது மூன்று இடத்து விவரத்தையும் வாசித்துக் காட்டினேன். வில்லாவில் முதல் மூன்று நாள் வெறும் ஜூஸ். பேசக் கூடாது. போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். என் ரிசார்ட்டில் அவித்த காய், சாயங்காலம் மட்டும் பேச்சு. ஹாஸ்டலில் ஒரு கட்டுப்பாடும் கிடையாது. வாசலிலேயே சந்தை, பக்கத்துக் கடையில் மசாஜ்.

"அவ்ளோ காசையும் குடுத்துட்டு பட்டினி கெடக்கணுமா?" என்றாள் பெரியக்கா. காலை டீ கொஞ்சம் தாமதமானால் வீட்டை இரண்டாக்குகிறவள். "பேசக் கூடாதுன்னா நான் எதுக்குடி வரணும்?"

தங்கச்சி சிரித்த சிரிப்பில் எனக்கே எரிச்சல் வந்தது. பிறகு சொன்னாள்: "என் ஹாஸ்டல் ரூமுல நாலு கட்டில் இருக்குது. ரெண்டு பேரும் வந்துடுங்க. அவங்கவங்க காசு அவங்கவங்க குடுத்துக்கலாம்." சொந்த வீட்டு விருந்துக்குக் கூப்பிடுகிற தோரணை.

"கீழ்க் கட்டில்னா வரேன்" என்ற பெரியக்கா சற்று யோசித்தாள். "நாலாவதுல யாரு படுப்பா?"

"யாராவது வெள்ளக்காரி வருவா."

"அப்பறம் விடிய விடிய எப்பிடிடி பேசறது? அந்தக் கட்டிலுக்கு நான் குடுக்கறேன். இதுக்காவது வாயத் தொறக்காத."

தங்கச்சி என்னைப் பார்த்தாள். நான் சீலிங் ஃபேனைப் பார்த்தேன்.

"சரிக்கா, குடு" என்றாள்.

அவள் மனசு மாறுவதற்குள் பெரியக்கா போனை எடுத்துப் பணத்தைக் கட்டிவிட்டாள்.