ரெங்கத்தில் நான் மறைத்த மஞ்சள் சீட்டு

போன சனிக்கிழமை ரெங்கம் போயிருந்தேன். அங்கே ஒரு கோயில் மண்டபத்தில் கருந்துளைகளைப் பற்றித் தமிழில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பிழைப்புக்கு நான் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவன். இயற்பியல் எனக்கு ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். வேறு ஆள் கிடைக்காததால் எனக்கு நிபுணர் என்று பெயர்.

என் கார் பட்டறையில் கிடந்தது. நான் இருக்கும் மாசாயிலிருந்து வாடகைக் காரில் பகல் 12.40க்குக் கிளம்பி 2.05க்கு இறங்கினேன். 78 கிலோமீட்டர், 95 ரிங்கிட். கடைசி அரைமணி நேரம் இரண்டு பக்கமும் எண்ணெய்ச் செம்பனைத் தோட்டம்தான். எதைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று ஓட்டுநர் கேட்டார். சொன்னதும் ரேடியோ சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டார்.

பேச்சு நன்றாகவே போனது. ஒரு புத்தகத்தை எரித்தாலும், புகையையும் சாம்பலையும் ஒன்று விடாமல் ஆராய முடிந்தால் அதில் எழுதியிருந்ததை மீட்கலாம். கருந்துளையும் மெல்ல ஆவியாகிறது. வெளிவரும் கதிர்வீச்சுத் துகள்களுக்கிடையே உள்ள குவாண்டம் பின்னலில், உள்ளே விழுந்த தகவல் பத்திரமாக இருக்கிறது என்றேன். கைதட்டினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள்.

நம்மவர்களுக்குச் சபையில் எழுந்து கேட்கக் கூச்சம். அதனால் கேள்வியைச் சீட்டில் எழுதித் தட்டில் போடுவது வழக்கம். ஒன்பது சீட்டு வந்தது. எட்டு சுலபம். ஒன்பதாவது மஞ்சள் தாள்: ‘உள்ளே விழுந்தது வெளியே வர முடியாது என்றால், அந்தத் தகவல் கதிர்வீச்சுக்குள் எப்படிப் போனது?’

எனக்குத் தெரியவில்லை. சீட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நேரமாகிவிட்டது என்று கும்பிட்டேன். பொன்னாடை பையை மூடியிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

திரும்பும்போது, பேச்சு கேட்க வந்திருந்த மாலதி என்பவர் வழியில் இருக்கும் செனாய் வரை தன் காரில் ஏற்றிக்கொண்டார். அங்கே கணினிச் சில்லுத் தொழிற்சாலையில் அவருக்கு இரவு வேலை. ஐந்தரைக்குக் கிளம்பினோம்.

“சார், என் சீட்டு வந்துச்சா? மஞ்ச பேப்பர்.”

வரவில்லையே என்றேன். வாய் கூசவில்லை.

“பரவால்ல லா சார்” என்றார். ஆறு மாதமாக ஓய்வு நேரத்தில் இதைப் பற்றிய காணொளிகளைப் பார்க்கிறாராம். அந்த ஓரிடம் மட்டும் பிடிபடவில்லை. தமிழில் கேட்டால் புரியும் என்று பகல் தூக்கத்தை விட்டு வந்திருக்கிறார். பகுதி நேரப் படிப்புக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தாராம். இதுவே மண்டையில் ஏறவில்லை என்றால் படிப்பெல்லாம் எதற்கு, அனுப்பப் போவதில்லை என்றார்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குச் சீட்டும் அங்கேயே இருந்தது. செனாய் நெருங்கும்போது எடுத்து நீட்டினேன். பதில் தெரியாததால் மறைத்தேன் என்று ஒப்புக்கொண்டேன். தகவல் தப்பிக்கிறது என்று கணக்குகள் காட்டுகின்றன, ஆனால் எந்த வழியாக என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்கே இன்னும் தெளிவில்லை என்பதையும் சொன்னேன்.

தொழிற்சாலை வாசலில் காரை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“தெரியாதுன்னு அங்கயே சொல்லியிருக்கலாம் சார். நான்தான் மக்குன்னு நெனச்சிட்டேன்.”

மணி 6.25. அவமானமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது. விண்ணப்பத்தை அனுப்புவாரா என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. சீட்டை அவர் வாங்கிக்கொண்டார்.

ரெங்கம் போகிறவர்களுக்கு: செனாயிலிருந்து 45 கிலோமீட்டர், சாயங்காலம் மழை வரும், குடை வேண்டும். பேசப் போகிறவர்கள் எல்லாச் சீட்டையும் சபையிலேயே வாசித்துவிடுங்கள். பை இல்லாத சட்டை போட்டுக்கொண்டு போவது இன்னும் நல்லது.