லிஃப்டுக்காக ஒரு டான்ஸ்ஹால் பாட்டு

எங்கள் ஸ்காபரோ கட்டடத்தின் லிஃப்ட் பழுதாகிக் கிடந்த அந்தக் கோடையில், முழங்காலில் ஒப்பரேஷன் செய்திருந்த அப்பா ஒன்பதாம் மாடியை விட்டு இறங்க முடியாமல் இருந்தார். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான் என்பதால், மனேஜருக்கு ஈமெயில் எழுதுவது என் வேலையானது. பல்கலைக்கழகத்தில் கற்ற மரியாதைச் சொற்கள் அத்தனையையும் போட்டு எழுதினேன். பதிலே இல்லை.

எட்டாம் மாடியில் ஒரு பாடகர் இருந்தார். ஜமேக்காப் பெற்றோருக்கு இங்கே பிறந்தவர். அவர்களுடைய டான்ஸ்ஹால் இசையில் பாடுபவர். பஸ்ஸைக் குறைத்தால் அதற்கொரு பாட்டு, பொலிஸ் வந்து பெடியன்களை மறித்தால் அதற்கொரு பாட்டு. அவற்றைக் காதில் மாட்டிக்கொண்டுதான் நான் படியேறுவேன். ஒருநாள் படிக்கட்டில் அவரிடம் அப்பாவின் கதையைச் சொன்னேன். லிஃப்டைப் பற்றியே ஒரு பாட்டுக் கட்டிவிட்டார்! சனிக்கிழமை மத்தியானம் கார்ப்பார்க்கில் பாடப்போகிறாராம், என்ன நடக்கிறது என்று பார்க்க மனேஜரும் வருகிறாராம். தமிழ் ஆட்களைக் கூட்டி வருவது என் பொறுப்பு. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"தம்பி, மனேஜரோட கொழுவினா வீட்டை விட்டு எழுப்பிப்போடுவான்," என்றார் பக்கத்து வீட்டு அங்கிள்.

"பாட்டுப் பாடினா லிஃப்ட் ஓடுமே?" என்று அம்மா சிரித்தார்.

ஆனாலும் வந்தார்கள். வந்து, வேலியோரம் ஒதுங்கி நின்றார்கள்.

பாட்டுத் தொடங்கியது. ஸ்பீக்கரின் அடி நெஞ்சுக்குள் இடித்தது. பாட்டில் வயிற்றைப் பிடித்தபடி படியேறும் கர்ப்பிணி வந்தாள், பால் பையோடு மூச்சு வாங்கும் கிழவர் வந்தார், பிறகு ஒன்பதாம் மாடியின் முழங்கால். என் அப்பா! பாட்டுக்குள்ளே அப்பா! இளசுகள் துள்ளித் துள்ளிக் கார்களில் தட்டினார்கள். டான்ஸ்ஹாலில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டு மிகவும் பிடித்துவிட்டால் கூட்டம் இப்படித் தட்டிக் கத்தும். உடனே பாட்டை நிறுத்தி, முதலிலிருந்து போடுவார்கள். அதைவிடப் பெரிய பாராட்டுக் கிடையாது. எனக்கு அது தெரியும். எங்கள் ஆட்களுக்குத் தெரியாது.

பாட்டுச் சடக்கென்று நின்றது. அந்த நேரம் பார்த்து ஸ்பீக்கர் வயருக்குப் பக்கத்தில் நின்றவர் மனேஜர்.

"உவன்தான் பிளக்கை இழுத்தவன்!" அங்கிள் வேலியை விட்டுப் பாய்ந்தார். "எட, எங்கட பாட்டையும் கேக்க விடமாட்டியோ?"

அவருக்குப் பின்னால் அன்ரிமார், எல்லாருக்கும் முன்னால் என் அம்மா. "அங்கிள், உது இவையின்ர வழக்கம்..." என்று கத்திக்கொண்டு ஓடினேன். யார் கேட்டார்கள்!

மனேஜர் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு ஆங்கிலத்தில் கெஞ்சினார்.

"என்னவாம்?" என்றார் அம்மா.

"தான் ஒண்டையும் தொடேல்லையாம்."

"அதைத்தானே நாங்களும் சொல்லுறம்! லிஃப்டையும் தொடேல்லைத்தானே? சொல்லடா உவருக்கு!"

பாடகர் மைக்கை என் வாயருகே நீட்டினார். சொன்னேன். கார்ப்பார்க் முழுவதும் கேட்க ஆங்கிலத்தில் சொன்னேன். அவ்வளவுதான், பாடகர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். 'ஒன்றையும் தொடவில்லை' என்று அவர் பாட, கூட்டம் திருப்பிப் பாடியது. அதற்கு நடுவே மனேஜர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு லிஃப்ட் கொம்பனிக்குப் போன் எடுத்தார்.

"போனை ஸ்பீக்கரில போடச் சொல்லு தம்பி," என்றார் அங்கிள்.

திங்கட்கிழமை மெக்கானிக் வந்தார். பின்னேரம் லிஃப்ட் ஓடியது. அப்பா தடியை ஊன்றி உள்ளே ஏறி, எட்டாம் மாடிக்கு அழுத்தினார். ஒரு மாடி இறங்கவா இத்தனை பாடு என்று கேட்டேன்.

"என்ர காலைப் பாடின பெடியனைப் பாக்க வேணுமடா," என்றார்.