துண்டுக்கு வெளியே ஒரு பேரம்

இன்று பஞ்சாயத்துக் கூட்டத்தில் மைக் பிடித்துப் பேசினேன்.

சிரிக்காதீர்கள். நான் மாட்டு வியாபாரி. கேரள எல்லையில் இருக்கும் வேலந்தாவளம் சந்தையில் துண்டுக்கு அடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துத்தான் விலை பேசுகிறோம். இத்தனை வருடம் விரலால் பிழைத்தவனுக்கு வாய் எதற்கு?

ஆனால் சந்தையில் மாடுகளுக்குத் தண்ணீர் இல்லை. வெயிலில் நாக்குத் தள்ளி நிற்கிற மாட்டை எவனும் நல்ல விலைக்குக் கேட்பதில்லை. யாராவது சொல்லியாக வேண்டும் என்று வியாபாரிகள் எல்லோரும் சேர்ந்து என்னை முன்னால் தள்ளிவிட்டார்கள்.

மைக் கைக்கு வந்ததும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"பறயூ சேட்டா" என்று மலையாளத்தில் பேசச் சொன்னார் பஞ்சாயத்து மெம்பர் அம்மா.

என் கை தானாகத் தோளில் கிடந்த துண்டை எடுத்து விரித்தது.

பின்னாலிருந்து கூட்டாளி பழனிச்சாமி, "ஏனுங்க, மெம்பர் கையப் புடிக்கப் போறீங்களா? ஊட்டுல சொல்லிப்போடுவேன்" என்றார்.

கூட்டமே சிரித்தது, மெம்பரும்தான். மானம் போன பிறகு பயம் எதற்கு?

"மாட்டுக்குத் தண்ணித் தொட்டி வேணுங்க" என்றேன்.

"அடுத்த கொல்லம் நோக்காம்."

அடுத்த வருடம் பார்க்கலாமாம். எதிராளி ஒரு விலை சொல்லிவிட்டால் என்னால் சும்மா இருக்க முடியாது.

"அதுவரைக்கும் மாட்டுக்கு டீ வாங்கித் தருவீங்களா?"

"சரி, சாணகம் ஆரு வாரும்?" சாணியை யார் அள்ளுவது என்று மெம்பரும் பேரத்தில் இறங்கிவிட்டார்.

அப்புறம் மைக்கை என்னிடமிருந்து பிடுங்கத்தான் ஆள் தேவைப்பட்டது.

முடிந்த பேரம் இதுதான்: ஓணத்துக்கு முன் தொட்டியை அவர்கள் கட்டுவார்கள், சாணியை நாங்கள் அள்ளுவோம். என்னை முன்னால் தள்ளிவிட்டவர்களே, அந்த 'நாங்கள்' யார் யார் என்பதைக் கமெண்டில் சொல்லுங்கள்.